கார் கூரையில் உள்ள சன்ரூஃப் கண்ணாடி உடைந்தால் மாற்றுவது எப்படி
உடைந்ததும் சுவிட்சை அழுத்தி மூடிப் பார்க்கத் தோன்றும், வேண்டாம், கண்ணாடி நகரும் டிராக்கில் சில்லு சிக்கினால் மோட்டாரும் கேபிளும் சேர்ந்து போகும். கையுறை போட்டுக்கொண்டு வேக்குவம் கிளீனரால் சில்லுகளை உறிஞ்சுங்கள், மூலைகளில் உள்ள வடிகால் துளைகளையும் விடாதீர்கள், பொறுமை போவது இங்கேதான்.

திறக்கும் கண்ணாடி பெரும்பாலும் இரு பக்கமும் சில டார்க்ஸ் (நட்சத்திர வடிவத் தலை) ஸ்க்ரூக்களில்தான் நிற்கும். கழற்றி, புதியதை வைத்து, ஸ்க்ரூவை லேசாக மட்டும் பிடித்துவிட்டு உயரத்தைப் பாருங்கள்: முன் விளிம்பு கூரைக்குச் சமமாகவோ மயிரிழை தாழ்ந்தோ, பின் விளிம்பு சமமாகவோ மயிரிழை உயர்ந்தோ இருக்கவேண்டும், இல்லையென்றால் வேகத்தில் காற்று விசிலடிக்கும். சரியா? அப்புறம் முறுக்குங்கள்.

சில கார்களில் கூரையின் பின்பகுதியில் இருக்கும் நகராத கண்ணாடி பசையில் ஒட்டியது, அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். கடைசியில் மேலே தண்ணீர் ஊற்றி, உள்கூரை நனைகிறதா என்று தடவிப் பாருங்கள்.