பெட்ரோலியப் பொறியியல் துறைக்குப் பேராசிரியர் எடுப்பது எப்படி?

"எந்தப் பிரிவில் ஆய்வு செய்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம்" என்று விளம்பரம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் ரிசர்வாயர் சிமுலேஷன் (நிலத்தடி எண்ணெய்த் தேக்கத்தின் ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடுவது) செய்தவர்களே விண்ணப்பக் கோப்பை நிரப்புவார்கள். அந்த ஆய்வுக்குக் கணினியே போதும். டிரில்லிங் (கிணறு தோண்டும்) அறிவு பெரும்பாலும் களத்தில்தான் வளர்கிறது; அதில் முனைவர் பட்டம் வரை போகிறவர்கள் குறைவு.

1. பாடத்திலிருந்து தொடங்குங்கள்

ரிசர்வாயர், டிரில்லிங் - கம்ப்ளீஷன் (தோண்டிய கிணற்றை உற்பத்திக்குத் தயார் செய்வது), ப்ரொடக்‌ஷன், ஃபார்மேஷன் எவாலுவேஷன் (பாறை அடுக்கில் என்ன இருக்கிறது என்று அளந்தறிவது), திட்டப் பொருளாதாரம் என்று ஐந்து கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் இப்போது பாடம் எடுப்பவர் யார், எப்போது ஓய்வு பெறுகிறார் என்று எழுதுங்கள். காலியான கட்டம்தான் விளம்பரத்தின் முதல் வரி. ஏபெட் (பொறியியல் படிப்புகளை மதிப்பிடும் அமெரிக்க அமைப்பு) அங்கீகாரம் உங்கள் இலக்கென்றால் ஒரு கட்டத்தையும் ஆளில்லாமல் விட முடியாது.

2. குழு

நான்கைந்து பேர் போதும். ஒருவர் புவியியலிலிருந்தோ வேதிப் பொறியியலிலிருந்தோ வரட்டும். ஆனால் எஸ்பிஇ (பெட்ரோலியப் பொறியாளர் சங்கம்) மாநாட்டுக் கட்டுரை என்றால் என்ன என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது சுருக்கத்தை வைத்துத் தேர்வாவது. எஸ்பிஇ ஜர்னல் கட்டுரை முழு மதிப்பாய்வைத் தாண்டி வருவது. இரண்டும் ஒன்பெட்ரோ இணைய நூலகத்தில்தான் கிடைக்கும். ஒரே எண்ணிக்கையில் சேர்த்துவிடக் கூடாது.

3. களத்து ஆளும் கல்வித்துறை ஆளும்

தேர்வுகள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பதினைந்து வருடம் கிணறு தோண்டியவரிடம் கட்டுரைகள் குறைவாக இருக்கும். அவர் செய்ததெல்லாம் நிறுவனத்தின் உள் அறிக்கைகளில் இருக்கிறது. வெளியில் காட்ட ஒப்பந்தம் விடாது. கட்டுரையை மட்டும் எண்ணினால் முதல் சுற்றிலேயே அவர் விழுந்துவிடுவார். காப்புரிமை, வடிவமைத்த கிணறுகளின் வகை, இளைய பொறியாளர்களுக்கு நடத்திய பயிற்சி ஆகியவற்றுக்குத் தனிப் பத்தி வைத்து மதிப்பெண் போடுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நிறுவனத் தரவையே நம்பி ஆய்வு செய்தவர் வேலையை விட்டதும் வெறுங்கையோடு நிற்பார். அதனால் "முதல் வருடம் எந்தத் தரவில் வேலை செய்வீர்கள்?" என்று கட்டாயம் கேளுங்கள். நார்வே எண்ணெய் நிறுவனம் ஈக்வினார் 2018இல் வெளியிட்ட வோல்வ் எண்ணெய் வயல் தரவு, எம்ஆர்எஸ்டி போன்ற திறந்த சிமுலேஷன் மென்பொருள் என்று உறுதியான பதில் வர வேண்டும். "பழைய நிறுவனம் தரும்" என்றால், எழுத்து மூலமான சம்மதம் கேளுங்கள்.

பரிந்துரைக் கடிதத்திலும் இதே சிக்கல்தான். பல நிறுவனங்கள் பணிபுரிந்த தேதிகளை மட்டுமே எழுதித் தரும். அதை எதிர்மறையாகப் படிக்காமல், விண்ணப்பதாரரின் அனுமதியோடு பழைய மேலாளரிடம் போனில் பேசுங்கள்.

4. மாதிரி வகுப்பு

ஆய்வுரை மட்டும் போதாது. இருபது நிமிடம் இளநிலை மாணவர்களுக்குப் பாடம் எடுக்கச் சொல்லுங்கள். தலைப்பை நீங்களே கொடுங்கள். ரிசர்வாயர் பணிக்கு என் தேர்வு 1942இன் பக்லி - லெவரெட் கோட்பாடு (பாறைக்குள் நீர் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு நகர்வதை விளக்குவது). சமன்பாட்டை எழுதுவது எளிது. ஒரே இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நீர் சாச்சுரேஷன் (பாறைத் துளைகளில் நீரின் பங்கு) விடையாக வருவது ஏன், வெல்ஜின் தொடுகோட்டு முறை அதை எப்படித் தீர்க்கிறது என்று மாணவருக்குப் புரியவைப்பதில்தான் ஆசிரியர் தெரிவார். டிரில்லிங் பணிக்கு: மூடிய கிணற்றில் வாயு மேலே ஏறும்போது மேற்பரப்பு அழுத்தம் ஏன் கூடுகிறது? வாயு விரிய இடமில்லாததால் தன் அழுத்தத்தையும் சுமந்துகொண்டே ஏறுகிறது என்பதைப் படம் போட்டுக் காட்டத் தெரியாதவரைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

5. ஆய்வகமும் அழைப்புக் கடிதமும்

சம்பளம் பேசும் அன்றே ஆய்வகத்தையும் பேசி முடியுங்கள். கோர் ஃப்ளட்டிங் (பாறை மாதிரிக்குள் திரவம் செலுத்தும் சோதனை) செய்பவருக்குக் கோர் ஹோல்டர், உயரழுத்த பம்ப், பேக் பிரஷர் ரெகுலேட்டர் வேண்டும். இவற்றோடு காற்றோட்டம், சிலிண்டர் வைக்கப் பாதுகாப்பான இடம், எண்ணெய்க் கழிவுக்கு வழி ஆகியவையும் தேவை. கருவி வந்த பிறகு அறை தேடினால் பணி நிரந்தரத்துக்கான மதிப்பீட்டு ஆண்டுகளில் ஒன்று வீணாகிவிடும். சிமுலேஷன் ஆளுக்கு மென்பொருள் உரிமம் யார் பெயரில், வெளிப் பணிக்குப் பயன்படுத்தலாமா என்று கடிதத்திலேயே எழுதுங்கள்.

பின்சேர்க்கை: எண்ணெய் விலை

விலை ஏறும்போது நிறுவனச் சம்பளத்தோடு பல்கலைக்கழகம் போட்டி போட முடியாது. 2020 ஏப்ரலில் டபிள்யூடிஐ (அமெரிக்கக் கச்சா எண்ணெய்) விலை பூஜ்ஜியத்துக்கும் கீழே போனது போன்ற சரிவில் நல்ல ஆட்கள் கிடைப்பார்கள். விலை மீண்டதும் சிலர் கிளம்பியும் விடுவார்கள். நேர்காணலில் "விலை இரட்டிப்பானால்?" என்று நேராகவே கேட்கலாம். கார்பன் சேமிப்பு, புவிவெப்பம் போன்ற பக்கங்களிலும் ஆய்வை நீட்டக்கூடியவருக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவேன். விலை சரிந்து மாணவர் சேர்க்கை குறையும் ஆண்டுகளிலும் அவருக்கு ஆய்வு நிதி தேட வழி இருக்கும்.