ஒரு கட்டடம், ஒரு போஸ்டர்: பழைய நகரத்துக்காக மாணவர்கள் போஸ்டர் செய்வது எப்படி?

பழைய நகரம் ஒன்றின் கட்டடங்களைப் பற்றிப் போஸ்டர் செய்யச் சொன்னால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: இணையத்தில் கிடைத்த எட்டுப் படங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி, மேலே 'பாரம்பரியம் காப்போம்' என்று எழுதிவிடுவோம். கடந்து போகிறவர் மனதில் அதில் ஒரு கட்டடம்கூட நிற்காது. அதனால் நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் முதலில் சொல்வது, ஒரு போஸ்டருக்கு ஒரே கட்டடம், அதைப் பற்றி ஒரே செய்தி. அந்த ஒரு கட்டடம் பிடித்துப்போனவர் மற்றவற்றைத் தானே தேடிப் போவார்.

எடுத்துக்காட்டுக்கு ஜெய்ப்பூர். 1727இல் சவாய் ஜெய்சிங் உருவாக்கிய நகரம், 2019இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஜந்தர் மந்தர், நகர அரண்மனை என்று எல்லாவற்றையும் போட ஆசை வரும், விட்டுவிடுங்கள். ஹவா மஹால் போதும்.

1. படித்துவிட்டு ஒன்றை மட்டும் எடுங்கள்

ஹவா மஹாலைக் கட்டியவர் சவாய் பிரதாப் சிங், ஆண்டு 1799. ஐந்து மாடி, 953 சின்னச் சின்ன ஜன்னல்கள். அரண்மனைப் பெண்கள் தாங்கள் யார் கண்ணிலும் படாமல் தெருவில் போகும் ஊர்வலங்களைப் பார்ப்பதற்காகக் கட்டியது. மேல் மாடிகளின் ஆழம் ஓர் அறை அளவுதான். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிவிட்டு, நண்பரிடம் எதை முதலில் சொல்வீர்கள் என்று யோசியுங்கள். '1799இல் கட்டப்பட்டது' என்றால் யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். '953 ஜன்னல்கள், வெளியே பார்க்க மட்டும்' என்றால் நிற்பார்கள். அதுதான் உங்கள் தலைப்பு. எண்களையும் ஆண்டுகளையும் குறைந்தது இரண்டு நம்பகமான இடங்களில் சரிபாருங்கள், அச்சான பிறகு திருத்த முடியாது.

2. பென்சில்

கணினியைத் திறக்காதீர்கள். தீப்பெட்டி அளவில் ஆறு கட்டம் போட்டு ஆறு விதமாகக் கிறுக்கிப் பாருங்கள். முழு முகப்பும் வேண்டுமா, ஒரே ஜன்னலைத் தாள் முழுக்கப் பெரிதாக்கலாமா? எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். பத்து நிமிட வேலை, பிறகு பல மணி நேரம் மிச்சம்.

3. படம்

நீங்களே எடுத்தால் தள்ளி நின்று கேமராவைச் சாய்க்காமல் நேராகப் பிடியுங்கள், அண்ணாந்து எடுத்தால் சுவர்கள் பின்பக்கம் சாய்ந்து விழுவதுபோல் தெரியும். ஹவா மஹால் முகப்பு கிழக்கே பார்த்திருப்பதால் காலை வெயில்தான் சரி. வெயில் சாய்வாக விழும்போது செதுக்கு வேலையின் நிழல்கள் எழுந்து நிற்கும். அடுத்தவர் எடுத்த படம் என்றால் விக்கிமீடியா காமன்ஸ் மாதிரி படங்களைப் பகிரும் இணையதளத்தில் உரிமத்தைப் படித்துவிட்டு எடுங்கள், எடுத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்றிருந்தால் ஓரத்தில் சின்னதாகப் போட்டுவிடுங்கள். நல்ல படம் கிடைக்கவில்லையா, வரையுங்கள். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் இலவசம். ஒரு ஜன்னலைப் பொறுமையாக வரைந்து நகலெடுத்து அடுக்கினால் முகப்பு வளர்ந்துகொண்டே போகும், இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

4. அளவும் நிறமும்

ஏ3 தாள் 297 × 420 மி.மீ. 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) என்றால் 3508 × 4961 பிக்சல். வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியாமலிருக்க நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள். நிறத்தைக் கட்டடத்திடமிருந்தே எடுங்கள்: சுவரின் காவி கலந்த இளஞ்சிவப்பு, நிழலின் அடர்சிவப்பு, ஓரக் கோடுகளின் வெள்ளை. மூன்று போதும். திரையில் பளிச்சென்று இருப்பது அச்சில் மங்கும் என்பதால் ஒரு பிரதி மட்டும் முதலில் எடுத்துப் பாருங்கள்.

5. எழுத்து

இங்கேதான் நிறைய போஸ்டர்கள் கெட்டுப்போகின்றன. தமிழுக்கு மேலே புள்ளியும் கொக்கியும், கீழே சுழியும் உண்டு. வரிகளை நெருக்கினால் மேல் வரியின் 'கு'வும் கீழ் வரியின் 'கி'யும் முட்டிக்கொள்ளும், ஆகவே வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். செதுக்கு வேலை நிறைந்த படத்தின் மேல் மெல்லிய எழுத்தை வைத்தால் புள்ளி காணாமல் போகும். புள்ளி போனால் 'கல்' என்பது 'கல' ஆகிவிடும். எழுத்துக்குப் பின்னால் வானம் அல்லது வெற்றுச் சுவர் வரும்படி படத்தை நகர்த்துங்கள். தலைப்புக்கு பாலூ தம்பி, சிறு எழுத்துக்கு முக்தா மலர் அல்லது ஹிந்த் மதுரை, இவை எல்லாமே இலவச யூனிகோட் எழுத்துருக்கள்தான், ஒரு போஸ்டரில் இரண்டுக்கு மேல் வேண்டாம். சில மென்பொருள்களில் 'கொ' போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறி விழும், அதனால் எந்த மென்பொருளானாலும் முதலில் 'கொ, கை, க்ஷ, ஸ்ரீ' என்று தட்டிப் பாருங்கள்.

நீளமான சொற்களை வரியில் உடைக்காதீர்கள், தலைப்பையே குறைத்து எழுதுங்கள். தலைப்புக்குக் கீழே கட்டடத்தின் பெயர், ஊர், கட்டிய ஆண்டு, அப்புறம் இரண்டு வரி விளக்கம். அவ்வளவுதான், மீதி இடம் காலியாகவே இருக்கட்டும்.

6. சுவரில் ஒட்டிப் பாருங்கள்

அச்செடுத்த ஒரு பிரதியைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பத்து அடி தள்ளி நில்லுங்கள். அங்கிருந்து படிக்கத் தலைப்பு எழுத்து ஏறக்குறைய ஓர் அங்குல உயரமாவது வேண்டும். அப்புறம் இதைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் மூன்று விநாடி காட்டிவிட்டு மறைத்து, என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். 'நிறைய ஜன்னல்' என்றால் சரி. 'ஏதோ அரண்மனை' என்று இழுத்தால் படத்தை இன்னும் பெரிதாக்கி, விளக்கத்தில் ஒரு வரியை வெட்டுங்கள்.

அச்சகத்துக்குப் போகும் பிரதியில் எழுத்துகளை வடிவங்களாக மாற்றி பிடிஎஃப் ஆக்குங்கள், அவர்கள் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது. மாற்றுவதற்கு முந்தைய கோப்பைத் தனியாகச் சேமித்து வையுங்கள்.