ஹெக்டேர் கணக்கை மா கணக்காக்க

பாடத்தில் ஹெக்டேருக்கு இத்தனை கிலோ உரச்சத்து என்று இருந்தால், அதை 0.4-ஆல் பெருக்குங்கள்; ஏக்கர் கணக்கு வந்துவிடும். அதை 3-ஆல் வகுத்தால், டெல்டா விவசாயிகள் நிலத்தை அளக்கும் 'மா' கணக்கு வந்துவிடும். சமுதாயக் கல்லூரியில் வேளாண் உற்பத்தி படிக்கிறவர்கள் களப்பயிற்சிக்குப் போகும்போது கால்குலேட்டரே வேண்டாம்.

ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், டெல்டாவில் ஒரு மா என்பது 100 குழி, ஏறக்குறைய 33 சென்ட். காவிரி டெல்டாவில் குறுகிய கால நெல்லுக்குப் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்). அப்படியென்றால் ஏக்கருக்கு 60, மாவுக்கு 20 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 46 சதவீதம், அதாவது 20 கிலோவுக்குச் சற்று மேல். ஆக, இந்தக் குறுகிய கால நெல் போடும் குறுவைப் பருவத்துக்கு மாவுக்கு மொத்தமே ஒரு மூட்டைதான், அதுவும் பல தவணையாகப் பிரித்து. (கடைக்காரர் இரண்டு மூட்டை என்றால் யோசியுங்கள்.)

டிஏபி உரம் போட்டிருந்தால் அதிலுள்ள தழைச்சத்தைக் கழித்துவிட வேண்டும். மண் பரிசோதனை அட்டை இருந்தால் அதன் அளவுதான் சரி. டெல்டாவைத் தாண்டினால் குழியின் அளவே மாறும், அங்கே நிலத்தின் அளவைச் சென்ட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். தேர்வுத்தாளில் மட்டும் 2.47-ஆல் வகுத்தே எழுதுங்கள்.