வால்ஹெய்மில் முதல் கவசம்: முழு வெண்கல செட்டுக்கு அவசரப்படாதீர்கள்

வால்ஹெய்ம் என்ற சர்வைவல் கேமில் எங்கள் சர்வருக்குப் புதிதாகச் சேருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், கவச விஷயத்தில் நாங்கள் 2021-ல் விழுந்த அதே குழியில்தான் வரிசையாக விழுகிறார்கள். கவசத்தை ரிப்பேர் செய்யுங்கள், ஹெல்மெட் போடுங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். கீழே இருப்பதெல்லாம் தவிர்க்க வேண்டியவை.

கந்தல் உடை

வேண்டாம். அந்த லெதர் துண்டுகளை வில்லுக்கு வையுங்கள்.

முழு வெண்கல செட்

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும். பிளாக் ஃபாரஸ்ட் காட்டுப் பகுதியில் காப்பர் கண்ணில் பட்டதும், உலோகக் கவசம்தானே தோல் கவசத்தைவிட நல்லது என்று எல்லாரும் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஹெல்மெட், மார்புக் கவசம், கால் கவசம் மூன்றுக்கும் தலா 5 வெண்கலம், மொத்தம் 15. ஒரு வெண்கலத்துக்கு இரண்டு காப்பர், ஒரு டின் போக வேண்டும், அதாவது 30 காப்பர், 15 டின். காப்பர் தாது ஒன்றின் எடை 10, நீங்கள் தூக்கக்கூடியது 300. காப்பர் மட்டுமே பையை நிரப்பிவிடும், டின்னுக்கு இன்னொரு நடை. இயல்பான அமைப்பில், நொடியில் இடம் தாவ வைக்கும் போர்ட்டல் வழியாகவும் தாது போகாது.

இவ்வளவுக்கும் கிடைப்பது மூன்றும் சேர்ந்து 24 கவசப் புள்ளி. ட்ரோல் என்ற ராட்சத எதிரியின் தோலில் செய்யும் செட்டில் அதே மூன்றுக்கும் 15 தோல், கூடவே ஹெல்மெட்டுக்குக் கொஞ்சம் எலும்புத் துண்டு. ஒரு ட்ரோல் 5 தோல் தரும், ஆக மூன்று ட்ரோல் போதும், 18 புள்ளி வந்துவிடும். ஒரே ஒரு தடவை அப்கிரேட் செய்தால் அதுவும் 24. இந்த கேமில் விழுகிற அடி உங்கள் மொத்தக் கவசப் புள்ளியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் போனால், ஒரு புள்ளிக்கு ஒரு சேதம்தான் கழியும். ட்ரோல் மரக்கட்டையைச் சுழற்றி அடிக்கும்போது அந்த 6 புள்ளி வித்தியாசத்தால் மிச்சமாவது 6 ஹெல்த், அவ்வளவுதான்.

வேகமும் போகிறது. வெண்கல மார்புக் கவசத்துக்கும் கால் கவசத்துக்கும் தலா 5 சதவீதம் வேகம் குறையும், ட்ரோல் செட்டில் எதுவும் குறையாது. சமீபத்தில் வந்த ஒருவர் ஒரு மாலை முழுக்கக் காப்பர் வெட்டி, தலை முதல் கால் வரை வெண்கலத்தில் பளபளவென்று வந்து நின்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் கேட்கிற மனநிலையில் அவர் இல்லை. அன்றே ட்ரோல் துரத்தியது, ஸ்டாமினா தீர்ந்தது, கதை முடிந்தது.

அவர் செத்ததில்கூட எனக்குப் பெரிய வருத்தமில்லை, அந்த 15 வெண்கலம் போனதுதான் வருத்தம். நிலம் உழும் கல்டிவேட்டருக்கு 5, பானம் புளிக்கவைக்கும் ஃபெர்மென்டருக்கு 5, கார்வ் படகின் 80 ஆணிக்கு 4, மிச்சமிருக்கும் ஒன்றில் வண்டிக்கான ஆணியும் வந்து கொஞ்சம் மிஞ்சும். கேரட் சூப், விஷ எதிர்ப்புப் பானம் (மீட்), கடல் பயணம் எல்லாம் அதில் அடக்கம். ஃபைன்வுட் என்ற உயர்ரக மரம் வெட்ட வெண்கலக் கோடாரி வேறு வேண்டும், அதற்கு 8. முதல் வெண்கலம் அங்கேதான் போக வேண்டும். எல்டர் என்ற பாஸைக் கொன்று ஸ்வாம்ப் என்ற சதுப்பு நிலத்துக்குப் போனால் இரும்பு வந்துவிடும், துண்டுக்கு 14 புள்ளி. அப்புறம் அந்த வெண்கலக் கவசம் பெட்டியில்தான் கிடக்கும்.

ட்ரோலை அடிக்கப் பயமாக இருந்தால் தூரத்தில் நின்று அம்பு விடுங்கள், அம்பு போலக் குத்தும் ஆயுதம் அதை நன்றாகவே பாதிக்கும், கதாயுதத்தைத்தான் சட்டையே செய்யாது. அதன் அடி காப்பர் பாறையில் விழுந்தால் பாறையும் உடையும், கொல்வதற்கு முன் கொஞ்சம் வேலை வாங்கிக்கொள்ளலாம்.

குழுவாக விளையாடும்போது பெரிய கேடயத்தோடு முன்னால் நின்று அடி வாங்குகிறவர் ஒருவர் இருந்தால், அவருக்கு மட்டும் வெண்கல செட் சரி.

கவசம் இருக்கிறதே என்று சாப்பிடாமல் கிளம்புவது

வெறும் வயிற்றில் உங்கள் ஹெல்த் 25. எந்தக் கவசம் போட்டாலும் அது 25தான். மூன்று உணவு இடமும் நிரம்பாமல் வீட்டைவிட்டு இறங்காதீர்கள்.

டவர் ஷீல்டு

இந்தப் பெரிய கேடயத்தை வைத்து பாரி, அதாவது அடியைச் சரியான நேரத்தில் தடுத்துத் தட்டிவிடுவது, செய்ய முடியாது. பாரி பழகாதவர்கள் கவசத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள், அடி வாங்குவது மட்டும் நிற்காது. சாதாரண மரக் கேடயத்தில் கிரேடுவார்ஃப் என்ற காட்டு எதிரியின் அடியைச் சரியான நேரத்தில் தடுத்துப் பழகுங்கள். கையில் வெண்கலம் மிஞ்சினால் பக்லர் என்ற சிறு கேடயம் செய்யலாம், 10 ஆகும், பாரி நேரத்தில் அதன் தடுப்பு இரண்டரை மடங்காகும்.

மலை

இந்தக் கவசங்கள் எதுவும் குளிரைத் தடுக்காது. ஏறாதீர்கள்.

பழைய மான் தோல் செட்டைத் தூக்கிப் போடுவது

செத்தால் போட்டிருப்பது உட்பட எல்லாம் கல்லறையில் போய்விடும். அதை எடுக்க வெறும் உடம்போடு ஓடி, அதே இடத்தில் இரண்டாவது முறையும் செத்து, இரண்டு கல்லறையைத் தேடி அலைகிறவர்கள் ஏராளம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி, அதில் பழைய செட், ஒரு வில், கொஞ்சம் சமைத்த இறைச்சி.