அறிக்கையில் ‘சுயநிர்ணய உரிமை’ என்று இருந்தால் எப்படி வாசிப்பது?

தேர்தல் விஞ்ஞாபனத்திலோ மாநாட்டுத் தீர்மானத்திலோ ‘சுயநிர்ணய உரிமை’ என்று வந்ததும் சிலர் அதைத் தனிநாடு என்று வாசிக்கிறார்கள். வேறு சிலர் இலங்கையின் மாகாண சபைக்குக் கொஞ்சம் கூடுதல் அதிகாரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே அவசர வாசிப்பு. 1966இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற இரண்டு மனித உரிமை உடன்படிக்கைகளுக்கும் முதலாம் உறுப்புரை ஒன்றேதான். எல்லா மக்களுக்கும் சுயநிர்ணய உரிமை உண்டு. அதன்படி அவர்கள் தம் அரசியல் நிலையைத் தாமே தடையின்றி முடிவுசெய்யலாம் என்கிறது அது. எடுக்கும் முடிவு எதுவாக இருக்கவேண்டும் என்று அது சொல்லவில்லை. முடிவெடுப்பவர் யார் என்றுதான் சொல்கிறது.

ஆகவே ஆவணத்தைக் கையில் எடுத்ததும் முதலில் ‘யாருக்கு’ என்று தேடுங்கள். மக்களா, தேசிய இனமா, சிறுபான்மையினரா? இவை ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக்கூடிய சொற்கள் அல்ல. குடியியல், அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 27ஆம் உறுப்புரை சிறுபான்மையினரின் பண்பாடு, மதம், மொழி ஆகியவற்றைக் காக்கிறது. சுயநிர்ணயத்தைப் பற்றி அதில் பேச்சில்லை. 1985 ஜூலையில் பூட்டானின் திம்புவில் இலங்கை அரசோடு நடந்த பேச்சில் தமிழ் அமைப்புகள் முன்வைத்த கோட்பாடுகளின் வரிசையைப் பாருங்கள்: முதலில் தனித் தேசிய இனம், அடுத்து தாயகம், மூன்றாவதாகத்தான் சுயநிர்ணய உரிமை. முதல் இரண்டும் இல்லாமல் மூன்றாவது நிற்காது என்பதை அறிந்து வைத்த வரிசை அது. இந்தியாவோ 1979இல் அந்த உடன்படிக்கைகளில் சேரும்போதே, இந்த உரிமை அந்நிய ஆட்சிக்கு உட்பட்ட மக்களுக்கு மட்டுமே என்று அறிவித்தது. சொல் ஒன்று, ‘யாருக்கு’ என்பது வேறு.

அடுத்து, அடைமொழியைப் பாருங்கள். ‘உள்ளக’ என்றால் இருக்கும் நாட்டுக்குள்ளேயே தம்மைத் தாம் ஆளுதல். ‘வெளியக’ என்றால் பிரிந்து தனியரசு அமைத்தலும் அதில் அடங்கும். 1976இல் இலங்கையின் தமிழர் விடுதலைக் கூட்டணி நிறைவேற்றிய வட்டுக்கோட்டைத் தீர்மானம் சுயநிர்ணய உரிமையின் பேரில் தனியரசு கோரியது. இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் பேசியபின் வந்த 2002 டிசம்பர் ஒஸ்லோ அறிக்கை உள்ளக சுயநிர்ணயத்தின் அடிப்படையில், ஐக்கிய இலங்கைக்குள் சமஷ்டி (கூட்டாட்சி) தீர்வை ஆராய்வதாகச் சொன்னது. அடைமொழியை விட்டுவிட்டு மேற்கோள் காட்டினால் பேச்சே தலைகீழாகிவிடும். அடைமொழி இல்லாத அறிக்கையில், கோரிக்கைப் பகுதி வரை படித்த பிறகே பொருளை முடிவுசெய்யுங்கள்.

சட்டத்தில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக விளக்கியது கனடா உச்ச நீதிமன்றம், கியூபெக் மாகாணம் தனியாக முடிவெடுத்துப் பிரியலாமா என்ற 1998 வழக்கில். இந்த உரிமை வழக்கமாக உள்ளகமாகவே நிறைவேறும். குடியேற்ற (காலனி) ஆட்சியிலும் அந்நிய அடக்குமுறையிலும் வெளியக உரிமை எழும் என்றது. உள்ளக வழி முற்றிலும் அடைக்கப்பட்டால் என்ன என்ற கேள்வியை அது முடிக்காமல் விட்டது. ஒடுக்கப்பட்டால் பிரிந்து செல்லும் உரிமை நிலைநாட்டப்பட்டுவிட்டது என்று இந்தத் தீர்ப்பைக் காட்டி எழுதாதீர்கள்.

இனி அக்கம்பக்கச் சொற்கள். அதிகாரப் பரவலாக்கம், சுயாட்சி, சமஷ்டி மூன்றையும் பிரித்தறிய ஒரே கேள்வி போதும்: கொடுத்ததை மத்தி தனியாகத் திரும்ப எடுக்க முடியுமா? முடியும் என்றால் அது அதிகாரப் பரவலாக்கம். இலங்கையில் மாகாண சபைகளை உருவாக்கிய 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம், இறுதி அதிகாரம் மத்தியிடமே இருக்கும் ஒற்றையாட்சிக்குள் நிற்பதால் இந்த வகைதான். அரசியலமைப்பே இரு மட்டங்களுக்கும் அதிகாரத்தைப் பிரித்துத் தந்து, ஒரு தரப்பால் மட்டும் மாற்ற முடியாதபடி வைத்தால் அது சமஷ்டி. தமிழ்நாட்டு வழக்கில் கூட்டாட்சி. சுயாட்சி இவ்விரண்டுக்கும் இடையில் எங்கும் இருக்கலாம், எனவே அளவைக் கேட்காமல் விடாதீர்கள். 1974இல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது மாநில சுயாட்சிக்கு. அது இந்திய ஒன்றியத்துக்குள்ளான கோரிக்கை. அதைச் சுயநிர்ணயக் கோரிக்கை என்று எழுதுவது பிழை.

சமஷ்டியைப் பிரிவினை என்று சொல்வதும் பிழைதான். 2017 ஆகஸ்டில் இலங்கை உச்ச நீதிமன்றமே, சமஷ்டி கோருவது தனிநாடு கோருவது ஆகாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வெளிவந்த இலங்கையின் புதிய அரசியலமைப்புக்கான இடைக்கால அறிக்கையில் சிங்களத்தில் ‘ஏக்கிய ராஜ்ய’, தமிழில் ‘ஒருமித்த நாடு’ என்றிருந்தது. சிங்களச் சொல்லை ஒற்றையாட்சி என்றும் தமிழ்ச் சொல்லை அப்படி அல்ல என்றும் வாசிக்கலாம் என்பதால், ஒற்றையாட்சியா இல்லையா என்ற சண்டை அந்த இரண்டு சொற்களுக்கு நடுவே நடந்தது. இலங்கை ஆவணம் என்றால் இரு மொழிப் பிரதிகளையும் பக்கத்தில் வைத்தே படியுங்கள்.

நீங்களே எழுதும்போது இறைமை, சமஷ்டி என்று ஈழ வழக்கில் தொடங்கினால் கடைசிவரை அப்படியே எழுதுங்கள். நடுவில் இறையாண்மை, கூட்டாட்சி என்று மாறினால் வாசகர் வேறு எதையோ சொல்வதாக நினைப்பார்.

இந்த உரிமையின்படி மக்கள் முடிவெடுக்கும் பொதுவாக்கெடுப்பைப் பற்றி எழுதினால் விழுக்காட்டோடு நிறுத்தவேண்டாம். யாருக்கு வாக்குரிமை இருந்தது, என்ன கேட்டார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்ற மூன்றும் வேண்டும். பிரான்சின் கீழுள்ள நியூ கலிடோனியாவில் 2018இல் 56.7 விழுக்காட்டினரும் 2020இல் 53.3 விழுக்காட்டினரும் விடுதலை வேண்டாம் என்றார்கள். இருமுறையும் 80 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப்பதிவு. 2021இல் ‘வேண்டாம்’ 96.5 விழுக்காடாக ஏறியது. விடுதலை கேட்கும் தரப்பு அந்த வாக்கெடுப்பைப் புறக்கணித்திருந்தது. வாக்களித்தவர்கள் சுமார் 44 விழுக்காட்டினர் மட்டுமே.