டர்பனிலிருந்து நமீபியப் பாலைக்கு: ஃபிஷ் ரிவர் பள்ளத்தாக்கு நடைக்குத் தயாராகும் முறை

நமீபியாவின் தென்கோடியில் உள்ள ஃபிஷ் ரிவர் பள்ளத்தாக்கு சுமார் 160 கி.மீ. நீளமும் ஏறத்தாழ 550 மீட்டர் ஆழமும் கொண்டது. சில இடங்களில் அதன் அகலம் 27 கி.மீ. வரை விரிகிறது. ஹோபாஸ் அருகே விளிம்பிலிருந்து கீழே இறங்கி, ஆற்றின் போக்கிலேயே ஐ-ஐஸ் வெந்நீர் ஊற்று வரை நடக்கும் பாதை ஏறக்குறைய 85 கி.மீ.; பெரும்பாலோர் அதை ஐந்து நாளில் முடிக்கிறார்கள். வழியில் கடை இல்லை, கூரை இல்லை, கைப்பேசிக்குச் சிக்னலும் இல்லை. சென்ற ஜூன் மாதம் அக்காவுடனும் அத்தானுடனும் அந்தப் பாதையை நடந்து முடித்தேன். தென்னாப்பிரிக்காவில் டர்பனிலும் பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலும் உள்ள உறவினர்கள் பலர் அடுத்த பருவத்தில் போக விரும்பி வழி கேட்பதால், தயாராகும் முறையை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: தேதியும் தாள்களும்

பாதை மே 1 முதல் செப்டம்பர் 15 வரை மட்டுமே திறந்திருக்கும். மற்ற மாதங்களில், அதாவது அங்குள்ள கோடையில், பள்ளத்தாக்கின் அடியில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிடும் என்பதோடு, எங்கோ பெய்த மழை திடீர் வெள்ளமாக வந்து சேரும் அபாயமும் உண்டு. நமீபியா வைல்ட்லைஃப் ரிசார்ட்ஸ் நிறுவனத்திடம் முன்பதிவு செய்ய வேண்டும். குழுவில் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும். 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை.

தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சுற்றுலாவுக்குச் செல்ல முன்கூட்டியே விசா எடுக்கத் தேவையில்லை. எங்கள் நாணயமான ரேண்டும் அங்கே செல்லும். வாடகைக் கார் என்றால் எல்லையைத் தாண்ட அனுமதிக்கும் கடிதத்தைக் காரை வாடகைக்குக் கொடுக்கும் நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். நாங்கள் கேப் டவுன் வரை விமானத்தில் போய், அங்கிருந்து என்7 சாலையில் ஸ்பிரிங்பாக் வழியாக வடக்கே சென்று, வியூல்ஸ்டிரிஃப்பில் ஆரஞ்சு ஆற்றைக் கடந்தோம்.

நான் தடுமாறிய முதல் இடம் மருத்துவச் சான்றிதழ். நடை தொடங்குவதற்கு முந்தைய 40 நாட்களுக்குள் மருத்துவர் கையெழுத்திட்ட தகுதிச் சான்றிதழ் இருந்தால்தான் இறங்க விடுவார்கள். எல்லாவற்றையும் முன்கூட்டியே முடித்துவிடும் பழக்கத்தால் நான் இரண்டு மாதத்துக்கு முன்பே அதை வாங்கி வைத்துவிட்டேன். புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது தேதியைக் கவனித்து மீண்டும் மருத்துவரிடம் ஓட நேர்ந்தது. நடைக்கு மூன்று வாரம் இருக்கும்போது போனால் போதும்.

இரண்டாம் படி: உடலைப் பழக்குதல்

ஏறப் பழகுவதைவிட இறங்கப் பழகுங்கள். முதல் நாளே, முழுச் சுமையும் முதுகில் இருக்கும் வேளையில், செங்குத்தான பாறைச் சரிவில் விளிம்பிலிருந்து அடிவரை இறங்கியாக வேண்டும்; மிகச் சரிவான பகுதியில் பிடித்துக்கொள்ளச் சங்கிலிகள் உண்டு. அன்று தொடையும் முழங்காலும் துவண்டுவிட்டால் மற்ற நான்கு நாட்களும் வேதனைதான். நான் எட்டு வாரம், முதுகுப்பையில் பத்துக் கிலோ அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு, எங்கள் அடுக்குமாடியின் படிகளில் ஏறி இறங்கினேன். வார இறுதியில் கடற்கரையின் காய்ந்த மணலில் இரண்டு மணி நேரம் நடந்தேன். வாய்ப்புள்ளவர்கள் ஒருமுறை டிராக்கன்ஸ்பெர்க் மலையில் முழுச் சுமையுடன் ஒரு நாள் இறங்கிப் பாருங்கள். இரண்டு ஊன்றுகோல்களும் எனக்கு இன்றியமையாதவை. ஒன்று மட்டும் போதும் என்று சொல்பவர்களுடன் நான் உடன்படவில்லை.

மூன்றாம் படி: நீர்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் டர்பனில் வளர்ந்த உடல் பாலையில் நம்மை ஏமாற்றிவிடுகிறது. கடற்கரை ஊரின் புழுக்கத்தில் கால் மணி நேரம் நடந்தாலே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். அந்த ஈரத்தைக் கண்டுதான் நாம் தண்ணீர்ப் புட்டியைத் தேடுகிறோம். பாலையின் வறண்ட காற்றிலோ வேர்வை தோலில் தோன்றியவுடனே ஆவியாகிவிடுகிறது. சட்டை உலர்ந்தே இருக்கிறது, குளிர்காலக் காற்று இதமாகவும் இருக்கிறது, ஆனால் உடல் நீரை இழந்துகொண்டே இருக்கிறது. இரண்டாம் நாள் காலை முழுவதும் அரை லிட்டருக்குமேல் நான் குடிக்கவில்லை. நண்பகலில் தலைவலி தொடங்கியது. சிறிது நேரத்தில் குமட்டல் வந்து, ஒரு பாறை நிழலில் படுத்துவிட்டேன். சட்டையைத் தொட்டுப் பார்த்த அக்கா, “ஒரு சொட்டு வேர்வைகூட இல்லையே, உனக்கு எப்படித் தண்ணீர் குறைந்திருக்கும்?” என்று குழம்பினாள். தோள்பட்டையில் வெண்மையாகப் படிந்திருந்த உப்பை அத்தான் கண்டபோதுதான் எங்களுக்குக் காரணம் புரிந்தது. அன்று மூன்று மணி நேர நடையை இழந்தோம்.

ஆகவே தாகத்தையும் சட்டையையும் நம்பாமல், கடிகாரத்தைப் பார்த்துக் குடியுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரம் ஒலிக்குமாறு வைத்து, ஒவ்வொரு முறையும் ஐந்தாறு வாய் குடிப்பது எனக்கு ஒத்துவந்தது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் அளவு சரி. அடர்ந்த நிறமானால் குறைவு. அதே சமயம், வெறும் நீரை மட்டும் அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்து அதுவும் ஆபத்தாகும். உப்புக்கடலையும் எலுமிச்சை ஊறுகாயும் எங்கள் பையில் இருந்தன. வாய்வழி நீரேற்றப் பொடியும் சில பொட்டலம் வையுங்கள். அது தீர்ந்தால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு சமத் தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளலாம்.

குடிநீர் ஆற்றிலிருந்துதான் கிடைக்கும். பருவத் தொடக்கத்தில் நீரோட்டம் இருக்கும். ஆகஸ்டு வாக்கில் அது தேங்கிய குட்டைகளாகச் சுருங்கிப் பாசி படர்ந்துவிடும். எப்போதானாலும் சுத்திகரிக்காமல் குடிக்கக் கூடாது. எனக்குப் பிடித்தது பிழிந்து வடிக்கும் சிறிய இழை வடிகட்டி. அது பாக்டீரியாவையும் ஒட்டுண்ணிகளையும் தடுக்கும், வைரஸைத் தடுக்காது. எனவே வடித்த நீரில் குளோரின் மாத்திரையும் போட்டு அரை மணி நேரம் வைக்கிறேன். புற ஊதா விளக்குக் கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். கலங்கல் நீரில் அதன் ஒளி ஊடுருவாது, மின்கலம் தீர்ந்தால் பயனும் இல்லை. ஒவ்வொருவரும் மூன்று லிட்டர் சுமக்க வழி செய்துகொள்ளுங்கள்.

நான்காம் படி: பாதங்கள்

வலைத்துணியால் ஆன ஓட்டக் காலணி வேண்டாம். நுண்மணல் அதன் வழியே புகுந்து தோலை அரைத்துவிடும். கணுக்காலை மூடும் காலணியும், அதன் வாயை மறைக்கும் துணி உறையும் தேவை. ஆற்றைப் பலமுறை கடக்க வேண்டியிருப்பதால் அதற்கென்று ஒரு ஜோடி இலேசான செருப்பை எடுத்துச் செல்லுங்கள். ஈரக் காலில் மணல் ஒட்டியபடியே காலுறை போட்டால் மாலைக்குள் கொப்புளம் நிச்சயம். எரிச்சல் தொடங்கும் இடத்தில் உடனே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள். அடுத்த திருப்பம் வரை பொறுக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

ஐந்தாம் படி: மூட்டை

மொத்தச் சுமை 14 கிலோவைத் தாண்ட வேண்டாம். நாங்கள் கூடாரம் கொண்டுபோகவில்லை. தரைவிரிப்பு ஒன்றை மணலில் விரித்து நட்சத்திரங்களின் கீழ் உறங்கினோம். ஆனால் இரவுக் குளிர் கடுமையானது. பூச்சிய டிகிரிவரை தாங்கும் ஸ்லீப்பிங் பேக்கும் கம்பளித் தொப்பியும் அவசியம். ‘பாலைவனம்தானே’ என்று எண்ணிப் பருத்திப் போர்வையோடு வந்த அத்தான் முதல் இரவு உறங்கவே இல்லை.

உணவுக்கு அவலும், வறுத்து மிளகும் கறிவேப்பிலையும் தாளித்த ரவையும், வறுத்த வேர்க்கடலையும் போதுமானவை. ரவையில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்தால் உப்புமா. பபூன் குரங்குகள் உணவுப் பையைத் தேடி வரும். பகலிலும் அதைத் திறந்தபடி விட்டுப் போகாதீர்கள். குழுவுக்கு ஒரு சாட்டிலைட் செய்திக் கருவியை வாடகைக்காவது எடுங்கள். மீட்புச் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு இல்லாமல் இறங்க வேண்டாம்.

பின்சேர்க்கை

இதை வெளியிட்ட பிறகு இரண்டு சிக்கல்களை வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒருவருடைய வடிகட்டி மூன்றாம் நாளே அடைத்துக்கொண்டதாம். கலங்கல் நீரை நேராக அதில் ஊற்றாமல், முதலில் பாத்திரத்தில் தெளியவிட்டு, பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து வடித்த பிறகே அதில் செலுத்துங்கள். ஒவ்வொரு மாலையும் கூடவே வரும் ஊசிக்குழாயால் எதிர்த்திசையில் சுத்தமான நீரைச் செலுத்தி அலசுங்கள்.

மற்றொருவர், உறைபனி விழுந்த இரவில் வடிகட்டியை வெளியே வைத்துவிட்டதாகவும் காலையில் நீர் வழக்கத்தைவிட வேகமாக வந்ததாகவும் எழுதினார். ஒருமுறை நனைந்த வடிகட்டியினுள் நீர் உறைந்தால் உள்ளிழைகள் வெடித்துவிடக்கூடும். வெளியே எந்த அடையாளமும் தெரியாது. அதைக் குப்பையில் போட்டுவிடுங்கள். நான் இரவில் அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஸ்லீப்பிங் பேக்கினுள் கால்மாட்டில் வைத்துக்கொள்கிறேன்.