பழைய ரேஸ் காரை மாடலாகச் செய்கிறீர்களா? முதலில் வரைபடத்தைச் சந்தேகியுங்கள்

கிட் எதுவும் வாங்காமல், ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் ஷீட், பித்தளைக் குழாய், மரத்துண்டு இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பழைய ரேஸ் காரைச் செய்யப் புறப்படுகிறவர்கள் அவ்வப்போது எனக்குப் படம் அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். பார்த்தால், நான் ஆரம்பத்தில் செய்த அதே கோளாறுகள், ஏறக்குறைய அதே வரிசையில். விரலை வெட்டிக்கொள்வது, பெயின்ட் காய்வதற்குள் தொட்டுப் பார்ப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை உடனே தெரிந்துவிடும், அடுத்த முறை கை தானாகவே ஜாக்கிரதையாகும். செய்யும்போது தெரியாமல், எல்லாம் முடிந்தபின் பல்லைக் காட்டுகிற தவறுகள்தான் ஆபத்து. அவற்றில் ஒன்றை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. பாதிக் கட்டுரை அதற்கே போய்விடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கார் என்று முடிவு செய்யாமல் தொடங்குவது

"மெர்சிடீஸ் டபிள்யூ 196 செய்கிறேன்" என்று சொன்னால் போதாது. எந்தப் பந்தயத்தில் ஓடியது? 1954 ஜூலையில் ரீம்ஸில் அது முதன்முதலாகக் களமிறங்கியபோது சக்கரங்களை மூடிய உடல். அதே மாதம் சில்வர்ஸ்டோனில், அந்த அகலமான உடலோடு வளைவின் ஓரத்தைக் கணிக்க முடியாமல், எல்லைக்கு வைத்திருந்த எண்ணெய் டிரம்களில் போய் இடித்தார் டிரைவர் ஃபாஞ்சியோ. அடுத்து நூர்பர்க்ரிங்கில் சக்கரங்கள் வெளியே தெரியும் உடல் வந்துவிட்டது. வீல்பேஸும், அதாவது முன் பின் அச்சுகளின் இடைவெளியும், ஒன்றல்ல: 2350, 2210, 2150 மி.மீ. என்று மூன்று உண்டு. 1/24 அளவில், அதாவது நிஜக் காரின் 24 மி.மீ. மாடலில் 1 மி.மீ. என்றால், முதலாவதற்கும் கடைசிக்கும் 8 மி.மீ.க்கு மேல் வித்தியாசம். ஒரு பந்தயத்தின் படத்தைப் பார்த்து மூக்கையும், இன்னொன்றைப் பார்த்து வாலையும் செய்தால், எந்தக் காலத்திலும் ஓடாத ஒரு கார் உங்கள் மேசையில் நிற்கும்.

இன்றைக்கு அருங்காட்சியகத்தில் நிற்கும் கார் இன்னொரு பொறி. பழுது பார்த்து, புது டயர் மாட்டி, அந்தக் காலத்து மெக்கானிக் கனவிலும் காணாத பளபளப்போடு நிற்கும். அதைப் பார்த்துச் செய்வதில் தப்பே இல்லை. அப்புறம் அதற்கு 1920களின் பந்தய எண்ணை ஒட்டாதீர்கள், அவ்வளவுதான்.

வரைபடத்தை அப்படியே நம்புவது

இதுதான் அது.

புகாட்டி டைப் 35-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1924-ல் லியோன் கிராண்ட் பிரீயில் அறிமுகமான கார். வீல்பேஸ் 2400 மி.மீ., டிராக், அதாவது இடது வலது சக்கரங்களின் நடு இடைவெளி, 1200 மி.மீ. 1/24 அளவில் சரியாக 100, சரியாக 50. இதைவிட வசதியான கணக்கு எந்தக் காரிலும் கிடைக்காது. பள்ளிக்கூட ஸ்கேலை வைத்தே வரைபடத்தைச் சோதித்துவிடலாம்.

அப்படியும் கோட்டை விடுகிறார்கள். நண்பர் ஒருவர் பக்கவாட்டுப் படத்தை அச்செடுத்தார், முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் நடுவே 100 மி.மீ. இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. திருப்தியாகிவிட்டார். மேலிருந்து பார்க்கும் படத்தை அளக்கவேயில்லை. மரத்தில் உடலைச் செதுக்கினார். எட்டு பட்டை ஸ்போக் கொண்ட அந்தப் பிரசித்தமான சக்கரங்களை பிரேக் டிரம்மோடு சேர்த்து வார்த்தார். முன் அச்சைப் பித்தளையில் செய்து, ஸ்பிரிங் நுழைந்து போகிற சதுரத் துவாரத்தைக்கூட அரத்தால் ராவி எடுத்திருந்தார். அருமையான வேலை. எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்: "மூக்கு கொஞ்சம் தடிச்ச மாதிரி இருக்கு. பெயின்ட் அடிச்சா சரியாயிடுமா?"

வெர்னியர் அளவுகோலை வைத்தேன். டிராக் 52 மி.மீ.

"ரெண்டு மில்லிமீட்டர்தானே" என்றார். நிஜக் காரில் அது 48 மி.மீ. மொத்த அகலமும் நூற்றுக்கு நாலு பங்கு பெருத்துவிட்டது. டைப் 35-ன் அழகே அதன் ஒல்லியான உடம்புதான். அதைப் போய்க் கொழுக்க வைத்தாயிற்று. சரி, அச்சை மட்டும் குறுக்கிவிடலாமா என்றால் முடியாது. அந்தக் காரின் சேஸி நேரான இரண்டு தண்டவாளம் இல்லை, உடலின் வளைவை ஒட்டியே பின்பக்கம் குறுகிக்கொண்டு போகும். ஆக சேஸி, உடல், பானட், ரேடியேட்டர் எல்லாமே மறுபடியும். தப்பித்தவை சக்கரங்கள் மட்டும்.

எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. "அச்சான புத்தகத்தில் வந்த படமாயிற்றே" என்று அவர் சொன்ன அந்தப் பதில் மேல்தான். இதே பதிலை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்!

வரைபடம் எப்படிக் கெட்டுப்போகிறது என்று பாருங்கள். பக்கத்தில் அடங்குவதற்காகச் சுருக்கியிருப்பார்கள். நகல் எடுக்கும் இயந்திரம் காகிதம் நகரும் திசையில் லேசாக இழுத்துவிடும். நகலின் நகலில் அது இரட்டிப்பாகும். புத்தகத்தில் இரண்டு பக்கம் பரவிய படம் என்றால் தையல் மடிப்பில் சில மில்லிமீட்டர் காணாமல் போகும். கடைசியில் உங்கள் பிரின்டரே 'ஃபிட் டு பேஜ்' என்று தன் பங்குக்கு ஒரு சதவீதம் திருடும். இதெல்லாம் இயந்திரக் கோளாறு. வரைந்தவரின் கோளாறு வேறு: அந்தக் காலத்தில் ரேஸ் காரை நேர் மேலிருந்து படம் எடுத்தவர்கள் அபூர்வம். அதனால் தொழிற்சாலை வரைபடம் கையில் இல்லாமல் வரைந்தவர் மேல்பார்வைப் படத்தைப் பெரும்பாலும் ஊகித்துத்தான் போட்டிருப்பார். மூன்று பார்வைகளில் நான் கடைசியாக நம்புவது அதைத்தான்.

சோதிக்கிற முறை இதுதான். உறுதியாகத் தெரிந்த மூன்று அளவுகள் வேண்டும்: வீல்பேஸ், டிராக், டயரின் வெளிவிட்டம். நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்று, உயரவாக்கில் ஒன்று என்று மூன்று திசைக்கும் ஆள் கிடைத்துவிடும். பிறகு பார்வைகளை ஒன்றோடொன்று மோதவிடுங்கள். பக்கவாட்டில் ரேடியேட்டர் எவ்வளவு உயரமோ, முன்பார்வையிலும் அவ்வளவே இருக்க வேண்டும். முன்பார்வையில் உடல் எவ்வளவு அகலமோ, மேல்பார்வையிலும் அப்படியே. பிசகினால், கணினியில் நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியாகத் திருத்தி மறுபடி அச்செடுங்கள்.

டயர் அளவில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். 710 × 90 என்று பழைய முறையில் எழுதியிருந்தால் முதல் எண்ணே வெளிவிட்டம், மில்லிமீட்டரில், 1/24-ல் 29.6. ஆனால் 5.00-19 என்றிருந்தால் 19 என்பது ரிம்மின் அங்குல அளவு மட்டுமே. அந்தக் கால டயரின் பக்கச்சுவர் உயரம் ஏறக்குறைய அதன் அகலமே என்பதால், மேலே 5, கீழே 5 கூட்டி 29 அங்குலம். 1/24-ல் கிட்டத்தட்ட 31 மி.மீ. 19-ஐயே வெளிவிட்டமாக எடுத்துக்கொண்டு 20 மி.மீ. சக்கரம் கடைந்தவர்கள் இருக்கிறார்கள். கார் தவழும் குழந்தை மாதிரி தரையோடு தரையாகக் கிடக்கும்.

புகைப்படத்தை வைத்துச் சரிபார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பக்கவாட்டுப் படத்தில் நம் பக்கத்துச் சக்கரங்கள் கேமராவுக்கு அருகில் இருக்கின்றன. பானட்டின் உச்சி காரின் நடுக்கோட்டில், பாதி டிராக் தூரம் தள்ளி இருக்கிறது. அருகிலிருந்து எடுத்த படமென்றால் பானட்டின் உயரம் உண்மையிலிருந்து மாறித் தெரியும். எனவே தூரத்திலிருந்து எடுத்த படத்தையே அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அருகில் எடுத்ததை நுணுக்கங்களுக்கு மட்டும்.

மரத்தில் உளி வைப்பதற்கு முன் அட்டையில் பக்கவாட்டு உருவத்தை வெட்டி, நான்கு அட்டை வட்டங்களைச் சக்கரமாக வைத்து நிறுத்திப் பாருங்கள். அரை மணி நேர வேலை. அந்த நண்பர் இதைச் செய்து, அகலத்துக்கும் ஓர் அட்டை குறுக்கே வைத்திருந்தால், அன்றைக்கே தெரிந்திருக்கும்.

தடிமனை மறப்பது

1 மி.மீ. ஷீட் என்பது 1/24-ல் 24 மி.மீ. தகடு. நிஜ உடலின் அலுமினியத் தகடு அதில் ஒரு சின்னப் பங்குகூட இருக்காது. முழுவதையும் மெலிதாக்க வேண்டாம். கண் படுகிற விளிம்பை மட்டும் உள்பக்கமாகச் சரித்துத் தேய்த்தால் போதும். காக்பிட்டின் ஓரம், பானட்டின் காற்றுத் துளைகள், வால் முனை. பேனல் கோடுகளுக்கும் இதே கணக்குதான். அரை மில்லிமீட்டர் கோடு கீறினால் நிஜத்தில் 12 மி.மீ. இடைவெளி, விரல் போகும்.

ரிவெட்

நிஜக் காரில் அந்த ஆணித்தலை இருந்ததா என்று சந்தேகமிருந்தால் போடாதீர்கள்.

அடுக்குகளுக்குள் பசையை அடைப்பது

ஸ்டைரீன் ஷீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திரவப் பசையால் ஒட்டி, கட்டியாக்கிச் செதுக்குவார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட கரைப்பான் வெளியேற வழியில்லாமல் பல வாரம் பிளாஸ்டிக்கை மென்மையாகவே வைத்திருக்கும். பெயின்ட் அடித்து முடித்த பிறகு ஒட்டிய கோடு மெல்லப் பள்ளமாக இறங்கும். மெல்லிய பூச்சாகத் தடவுங்கள், அடுக்குகளில் மறைவாகத் துளை போடுங்கள், செதுக்குமுன் நன்றாக ஆறவிடுங்கள். அவசரம் என்றால் மரத்துக்கே போய்விடலாம்.

சூப்பர் க்ளூவை மறுநாள் தேய்ப்பது

அன்றே தேய்த்துவிடுங்கள். நாளாக ஆக அது ஸ்டைரீனைவிடக் கடினமாகிவிடும். உப்புத்தாள் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைத்தான் தின்னும்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தேடுவது

பழைய பந்தயப் படங்கள் பலவற்றை எடுத்த ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம் சிவப்பை உணராது. இத்தாலியச் சிவப்புக் கார் அதில் கறுப்பாக விழும். பிரெஞ்சு நீலம் உண்மையைவிட வெளிறித் தெரியும். எல்லா நிறத்தையும் உணர்கிற, பின்னால் வந்த பான்குரோமாட்டிக் ஃபிலிமில் அதே கார் வேறு சாம்பல். எந்த ஃபிலிம் என்று படத்தின் அடியில் யாரும் எழுதி வைப்பதில்லை. ஆகவே 'இந்தப் புகாட்டி வெளிர் நீலம்தான், படத்திலேயே தெரிகிறதே' என்று வாதாடிப் பயனில்லை. அந்தக் காலத்து எழுத்துக் குறிப்போ, பழைய பெயின்ட் ஒட்டியிருக்கும் உதிரிப் பாகமோ கிடைத்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். கலந்த நிறத்தை ஒரு ஸ்டைரீன் துண்டில் அடித்து, மாடலை வைக்கப்போகும் இடத்தின் வெளிச்சத்திலேயே பார்த்துவிட்டு அப்புறம் காருக்கு அடியுங்கள்.